மாப்பிள்ளை பெயர் இல்லாத பத்திரிகை

ஆடி மாதம் இருபத்தேழாம் தேதி, கம்பத்தில், பதினெட்டு ஊர் உறவின்முறைச் சங்கக் கட்டடத்தில் நடந்த அவசரக் கூட்டத்தில் இருந்தவர்கள்: செயலாளர் முத்துப்பாண்டி, துணைத் தலைவர் சின்னக்கருப்பு, ஊருக்கு ஒருவராகப் பதினெட்டுப் பெரியவர்கள், காமயகவுண்டன்பட்டி பெரிய வீட்டுக் குருசாமி, அவருடைய அண்ணன் மகள் ஹேமாவதி, தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜாஸ்பர், மேசைமேல் ஒரு லேப்டாப். தலைவர் அம்மாவாசியும் இருந்ததாக நடவடிக்கைப் புத்தகம் சொல்கிறது. அவர் காலமாகி அன்றைக்கு ஒரு வருடம் நான்கு மாதம். தலைவர் இல்லாத கூட்டம் செல்லாது என்பது சங்க விதி. அதனால் புத்தகத்தில் முதல் பெயர் அவருடையது, அதற்கு நேரே 'வருகை' என்று எழுதியிருக்கிறது. கூட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மின்விசிறி அதன் பக்கம்தான் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

அம்மாவாசி, குருசாமியின் உடன்பிறந்த அண்ணன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுப் படியிலும் ஒரு காரியத்துக்காகவும் ஏறி நிற்காத மனிதர். அவர் பெயரில் வந்த வினையைத் தீர்க்கத்தான் அந்தக் கூட்டம்.

வினை தொடங்கியது சித்திரையில். வருடத் திதி கொடுத்துப் பதின்மூன்றாம் நாள், கூடலூரிலிருந்து குருசாமிக்குப் போன் வந்தது. பேசியவர் ஒன்றுவிட்ட மச்சினன்.

"ஏப்பா குருசாமி, பெரிய வீட்டுக் கல்யாணம்னா வெத்தலை பாக்கோட வீடேறி வந்து கூப்பிடணும். உங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல பத்திரிகை விட்டிருக்காக. நாங்க அம்புட்டு இளப்பமாப் போயிட்டமா?"

"அண்ணன் செத்துப் போனாகளே மச்சான். நீங்கதானே முதல் மாலை கொண்டாந்தீக?"

"அது எனக்குத் தெரியாதா? நான் கேக்குறது முறையை."

அன்று மாலைக்குள் பதினோரு போன்கள். இறந்தவர் எப்படி எழுதினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு ஏன் வரவில்லை என்றுதான் பதினோரு பேரும் கேட்டார்கள். சிலர் கடிதத்தோடு வந்த பத்திரிகையைத் திறந்து பார்த்திருந்தார்கள். மறுநாள் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதே பத்திரிகை புறப்பட்டது.

கடிதத்தை ஹேமாவதி தன் போனில் வாசித்துக் காட்டினாள். போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். 

'அன்புடையீர், நலம். நலமறிய அவா. என் ஒரே மகள் ஹேமாவதிக்கும் …………… அவர்களுக்கும் நடைபெறும் திருமணத்துக்குத் தாங்கள் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும். நானே வாசலில் நின்று வரவேற்பேன்.'

மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் குருசாமி அண்ணனின் அறைக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல். மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. மேல் விளிம்பில் இருக்கும் சின்னக் கண்ணுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி, நெஞ்சு கட்டிய ஆள் மூச்சு விடுவதுபோல் இரைந்தது. யாரும் தொடாமலே திரையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. ஒவ்வொன்றின் முடிவிலும் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் காபி. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

குருசாமி பயந்தவர் அல்ல. காட்டுப்பன்றியை ஒற்றைக் கம்போடு பந்தலைவிட்டு விரட்டியவர். அவருடைய கை மயிர் அன்றைக்குக் குத்திட்டு நின்றது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பின்னால் அண்ணன் மனைவி கருத்தம்மாள் நின்றிருந்தாள்.

"அவுக எழுதுறாக தம்பி. சத்தம் போடாதீக."

"மதினி, இது அண்ணன் இல்ல. ஏதோ உள்ள புகுந்திருக்கு."

"புகுந்தா என்ன? அவுக எழுத்துத்தானே வருது?"

 எழுத்து அண்ணனுடையதுதான். 'நலமறிய அவா' என்று இந்தக் காலத்தில் வேறு யார் எழுதுவார்கள்?

ஊர் என்ன பேசினாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வைகாசியில் ஹேமாவதிக்கு நல்ல இடம் அமைந்தது. கெங்குவார்பட்டி மாரீஸ்வரியின் மகன் சுரேஷ்கண்ணன். ஆவணி பத்தாம் தேதி நிச்சயம் என்று பேசி முடித்து நாலாம் நாள் மாரீஸ்வரி போன் செய்தாள். புருஷன் இல்லாமல் வாழைத் தோட்டத்தையும் பிள்ளையையும் தனியாக வளர்த்தவள். சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"அண்ணே, என் மகனுக்கு உங்க வீட்டுப் பத்திரிகை வந்திருக்கு. ஹேமாவதி கல்யாணத்துக்கு அவனைக் குடும்பத்தோட வரச் சொல்லியிருக்கு. மாப்பிள்ளை யாருன்னு மட்டும் போடல. இன்னும் முடிவாகலையோ?"

"தங்கச்சி, அது கம்ப்யூட்டர்ல புகுந்த கிருமி செய்யுற வேலை."

"இருக்கட்டும். பத்தாம் தேதிக்குள்ள கிருமியா மனுசனான்னு தெளிவாச் சொல்லிப்புடுங்க. புள்ளி வச்ச இடத்துல என் மகனை உக்கார வைக்க முடியாது."

குருசாமி லேப்டாப்பை அண்ணனின் வேட்டி ஒன்றில் சுற்றி, ஹேமாவதியையும் கூட்டிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினார். ஜாஸ்பர் அதை இரண்டு நாள் வைத்திருந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்.

"ஃபார்மேட் பண்ணியாச்சு ஐயா. இனி ஒண்ணும் இருக்காது. பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கு."

ஆனி மாத முதல் வெள்ளிக்கிழமை முத்துப்பாண்டி வெள்ளிச் சம்புடத்தோடு வந்தார்.

அந்தச் சம்புடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தின் குலப் பதிவேடு முன்பு ஒரு மரப் பெட்டியில் இருந்தது. பெட்டி ஊர் ஊராகப் போகும். போன ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு இறக்குவார்கள். காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்று தீர்மானம் போட்டுப் பதிவேட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றினார்கள். மாறியது அவ்வளவுதான். பென் டிரைவ் வெள்ளிச் சம்புடத்தில் ஊர் ஊராகப் போகிறது. அந்தந்த ஊரில், கையில் கிடைத்த கம்ப்யூட்டரில் செருகி, பிறப்பும் திருமணமும் ஏற்றுகிறார்கள். மாதம் ஒருமுறை தலைவர் கணினிக்குத் திரும்பி வரும். தலைவர் கணினி என்பது அம்மாவாசியின் லேப்டாப்.

முத்துப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பென் டிரைவுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார், சூடம் காட்டினார், லேப்டாப்பில் செருகினார். தலைவரின் ரகசியச் சொல் அவருக்கு மனப்பாடம். தலைவர் பெயரில் சங்கக் கடிதம் போக வேண்டுமே என்று தலைவரின் அஞ்சலையும் திறந்து வைத்தார்.

ஆறாம் நாள் பதினொரு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

குருசாமி மறுபடி தேனிக்குப் போனார். ஜாஸ்பர் மறுபடி அழித்தார். ஆடி முதல் வெள்ளியில் சம்புடம் வந்தது. அடுத்த வாரமே பத்திரிகை புறப்பட்டது. இந்த முறை மாரீஸ்வரி போன் செய்யவில்லை. அதுதான் குருசாமியை அதிகம் உறுத்தியது.

"ஐயா, நாங்க சபைக்குப் போறவுக. பேய் கீய்னு என் வாயால சொல்லமாட்டேன்" என்றார் ஜாஸ்பர். "ஆனா இந்தப் பிடிவாதத்தை நான் பார்த்ததில்ல. சுத்தமா அழிச்சதுல எப்படி உசுர் வருது?"

குருசாமி சங்கத்துக்கு மனுக் கொடுத்தார். 'மேற்படி பத்திரிகை எங்கள் குடும்பம் விடுத்ததல்ல' என்று சங்கம் ஒரு கடிதம் தந்தால் போதும், கெங்குவார்பட்டியார் ஏற்றுக்கொள்வார்கள்.

முத்துப்பாண்டி மனுவை இரண்டு முறை படித்தார். "அண்ணே, விட்ட அழைப்பை வாபஸ் வாங்கணும்னா, விட்டவுக நேர்ல வரணும். வந்து, வெத்தலை பாக்கு வச்சு, வாபஸ்னு சொல்லணும். பதினாலாம் விதி."

"விட்டவர் செத்துட்டார்ப்பா."

"அதைச் சங்கம் இன்னும் பதிவு பண்ணலையேண்ணே."

பிறகு விசாரணைக் குழு ஒன்று வீட்டுக்கு வந்தது. ஐந்து பேர் லேப்டாப்பின் முன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். முத்துப்பாண்டி அதை நோக்கி மூன்று முறை அறிவிப்பு வாசித்தார்: உள்ளே இருப்பது எதுவானாலும், பெயர், ஊர், எந்த வகையறா என்பதைத் தெரிவிக்கவும். மூன்று முறையும் பதில் இல்லை. பதில் இல்லாததால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் குறிக்கலாமா, மறுத்ததாகக் குறிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது கருத்தம்மாள் காபியோடு வந்தாள். ஆட்களை விலக்கிப் போய் டம்ளரை மேசைமேல் வைத்தாள். மூடியிருந்த லேப்டாப்பை முந்தானையால் துடைத்துத் திறந்தாள். பச்சை விளக்கு எரிந்தது, விசிறி இரைந்தது.

அதுவரை உறங்கிக்கொண்டிருந்த துணைத் தலைவர் சின்னக்கருப்பு கண்ணைத் திறந்தார். "தலைவர் வந்துட்டாக" என்று எழுந்து நின்றார். அவர் நின்றதால் மற்ற நால்வரும் எழுந்து நின்றார்கள். விளக்கு அணையும்வரை ஐந்து பேரும் கைகட்டி நின்றார்கள். குருசாமியும் நின்றார். ஏன் நின்றோம் என்று அவர் பிறகு பல நாள் யோசித்ததுண்டு.

அவர்கள் போன பிறகு கேட்டார்: "தினமும் திறக்கிறது நீங்கதானா மதினி?"

"பதினொரு மணிக்கு அவுக காபி குடிப்பாக. குடிச்சுக்கிட்டே எழுதுவாக. அந்நேரம் அது மூடிக் கெடந்தா, வீட்டுல ஆளில்லாத மாதிரி இருக்கு."

குருசாமி லேப்டாப்பை எடுத்து மறுபடி வேட்டியில் சுற்றினார்.

இப்படியாகத்தான் ஆடி இருபத்தேழாம் தேதிக் கூட்டம் வந்தது. நிச்சயத்துக்கு இரண்டு வாரம். வெளியே ஆடிக் காற்று கட்டடத்தின் தகரத்தைப் பிய்த்து எடுப்பதுபோல் அடித்தது. முத்துப்பாண்டி காலி நாற்காலிக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பேசினார்.

"தலைவர் அவர்களே, பெரியோர்களே! சிலர் கேட்கிறார்கள், இந்தச் சங்கம் என்ன செய்தது என்று. நான் கேட்கிறேன், எதையாவது செய்து யாராவது நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்களா? நம் சங்கத்தில் பதினாறு மாதமாக ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. அதனால் ஒரு தவறும் நடக்கவில்லை! இது யாருடைய பெருமை? நம் தலைவருடையது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் நம்மைக் கேள்வி கேட்டார், கணக்குக் கேட்டார், விதியைத் திருத்து என்றார். இப்போது எவ்வளவு பக்குவமாக இருக்கிறார்! இப்படிப்பட்ட தலைவரை நாம் இழக்கலாமா?"

கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

ஹேமாவதி எழுந்தாள். "எங்கப்பா செத்ததை எப்பப் பதிவேட்டுல ஏத்துவீக?"

"ஆத்தா, நல்ல கேள்வி. இறப்பை ஏத்தணும்னா தலைவர் கையெழுத்து வேணும்."

"யாரு, எங்கப்பா கையெழுத்தா?"

"வேற யாரு போடுவாக? நாங்க கள்ளக் கையெழுத்துப் போடுற ஆளுகளா?"

ஜாஸ்பர் கை தூக்கினார். முந்தின வாரம் லேப்டாப்பை மூன்றாம் முறையாக அழித்தபோது குருசாமியிடம் ஒன்று கேட்டிருந்தார்: இதற்குள் வெளியிலிருந்து வேறு எது செருகப்படுகிறது? அப்போதுதான் சம்புடத்தின் கதை அவருக்குத் தெரிந்தது.

"ஐயாமார் மன்னிக்கணும். லேப்டாப்புல ஒண்ணுமில்ல. நோய் உங்க பென் டிரைவ்ல இருக்கு. ஊர் ஊராப் போகும்போது எங்கனயோ ஒட்டியிருக்கு. பதிவேடுன்னு நீங்க தொறக்குறது பதிவேடு இல்ல. அதே பேர்ல, அதே முகத்தை வச்சுக்கிட்டு வேற ஒண்ணு உக்காந்திருக்கு. நிஜப் பதிவேட்டை அது கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கு. நான் அழிக்க அழிக்க நீங்க சூடம் காட்டித் திரும்ப ஏத்துறீக. பென் டிரைவையும் ஒருதரம் ஃபார்மேட் பண்ணிட்டா..."

அவரால் முடிக்க முடியவில்லை. பதினெட்டு ஊரும் ஒரே நேரத்தில் எழுந்தது. "பதினெட்டு ஊர்ப் பேரையும் அழிக்கச் சொல்றானா?" "ஏலே, குலத்தையே அழிக்கச் சொல்றான்லே!" சம்புடத்தை மடியில் வைத்திருந்தவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கடைசியில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மேற்படி லேப்டாப் சங்கத்திலிருந்து தள்ளி வைக்கப்படுகிறது. பதினெட்டு ஊரில் யாரும் அதற்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. சார்ஜர் இரவல் கொடுக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்கு அதை அழைக்கக் கூடாது. ஆனால் தலைவர் கணினி என்ற முறையில் அதன் பணிகள் வழக்கம்போல் தொடரும். முன்மொழிந்தவர் முத்துப்பாண்டி. வழிமொழிந்தவர் சின்னக்கருப்பு. தலைமை வகித்தவர் அம்மாவாசி.

தள்ளி வைக்கப்பட்டதைக் குருசாமி வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு படி இறங்கினார்.

ஆவணி முதல் வெள்ளி. முத்துப்பாண்டி சம்புடத்தோடு வந்தபோது குருசாமி வாசலிலேயே நின்றார். "இன்னைக்கு எனக்கு நேரம் சரியில்ல. சம்புடத்தை வச்சுட்டுப் போப்பா. நாளைக்கு வந்து செருகிக்க." நேரம் சரியில்லை என்று ஒரு பெரியவர் சொன்னால் சங்கத்தில் யாரும் மறுத்துப் பேச முடியாது. விதி இருக்கிறது.

அரை மணி நேரத்தில் குருசாமி சம்புடத்தோடு தேனி பஸ்ஸில் இருந்தார்.

ஜாஸ்பர் கடையின் பின்கட்டில், நெட் இணைப்பு இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் பென் டிரைவைத் திறந்தார். ஒளித்து வைக்கப்பட்டிருந்த பதிவேட்டைத் தேடி எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டார். பிறகு பக்கத்திலேயே ஒளிந்திருந்த கல்யாணப் பத்திரிகையைத் திறந்தார்.

"ஐயா, இந்தப் பத்திரிகையைக் கிருமி எழுதல."

"பின்ன?"

"உங்க அண்ணன்தான் எழுதியிருக்காக. மூணு வருசத்துக்கு முந்தின தை மாசத் தேதி இருக்கு. மாப்பிள்ளை பேர் தெரியாம, இடத்தை விட்டு வச்சிருக்காக. லேப்டாப்புல கெடந்ததை இது திருடி இங்கன வச்சுக்கிட்டு, தூண்டில்ல புழு மாட்டுற மாதிரி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கு. லேப்டாப்புல இருந்ததை நான் முதல் தடவையே அழிச்சுட்டேன். தேதியோட இருக்கிற பிரதி இப்ப இது ஒண்ணுதான்."

மூன்று வருடத்துக்கு முந்தைய தை. மதுரைக்குப் போய் முதல் முறையாக நெஞ்சைக் காட்டிவிட்டு வந்த மாதம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார் அண்ணன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதியிருக்கிறார். 'நானே வாசலில் நின்று வரவேற்பேன்.'

குருசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதையும் ஒரு தாள்ல எடுத்துக் குடு தம்பி. நல்ல தாளா."

மாலையில் திராட்சைத் தோட்டத்தில் கொடிக்கு அடிப்பதற்காக மயில்துத்தம் கரைத்து வைத்திருந்தது. பீப்பாயில் நீலமாகத் தண்ணீர் நின்றது. இலையின் அடியில் ஒளிந்து படரும் அடிச்சாம்பல் நோய்க்கு அந்தத் தோட்டத்தில் முப்பது வருடமாக அதுதான் மருந்து. குருசாமி பென் டிரைவை ஒரு நூலில் கட்டி அதில் இறக்கினார். இரவு முழுவதும் ஊறவிட்டார். காலையில் எடுத்து, கழுவி, துடைத்து, சம்புடத்தில் வைத்து மூடினார். அச்சிட்ட பதிவேட்டில் அண்ணன் பெயருக்கு நேரே இறந்த தேதியைத் தன் கையால் எழுதினார்.

முத்துப்பாண்டி வந்தார். பென் டிரைவ் லேசாக நீலம் பூத்திருந்ததைப் பார்த்து, தெய்வாம்சம் கூடியிருப்பதாகச் சொன்னார். சூடம் காட்டிச் செருகினார். ஒன்றும் திறக்கவில்லை, ஒன்றும் எரியவில்லை. 'பதிவேடு அமைதியாக உள்ளது, குறை ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அது இன்றும் ஊர் ஊராகப் போய்வருகிறது.

ஒன்பதாம் தேதி குருசாமியும் கருத்தம்மாளும் வெற்றிலை பாக்குத் தட்டோடு கெங்குவார்பட்டிக்குப் போய் மாரீஸ்வரியின் வீட்டுப் படி ஏறினார்கள். தட்டில் அந்தத் தாள் இருந்தது. புள்ளிகள் இருந்த இடத்தில் 'சுரேஷ்கண்ணன்' என்று மையால் எழுதியிருந்தது.

மாரீஸ்வரி தாளை வாங்கி மெல்ல வாசித்தாள்.

"பேரு உங்க கையெழுத்து. மத்தது?"

"எங்க அண்ணன் எழுதினது."

"இருக்கும்போதா, போனதுக்கப்புறமா?"

"இருக்கும்போது. மூணு வருசத்துக்கு முந்தி. அதை ஒரு கிருமி திருடி ஊரெல்லாம் விட்டுருச்சு. இன்னைக்குத்தான் முறைப்படி வருது."

மாரீஸ்வரி கருத்தம்மாளைப் பார்த்தாள். கருத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பச் சரி" என்று மாரீஸ்வரி தட்டை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க மதினி, காபி குடிங்க."

ஐப்பசியில் கம்பத்தில் கல்யாணம் நடந்தது. அன்று அம்மாவாசி வாசலில் நின்று, வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்றதாகவும், கூடலூர் மச்சினன் அதைக் கண்ணால் பார்த்ததாகவும் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு இருக்கிறது. சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்திலும் அந்தத் தேதியில் 'தலைவர் வருகை' என்று பதிவாகியிருக்கிறது. இரண்டும் தவறு. காலையிலிருந்து கடைசிப் பந்தி முடியும்வரை வாசலில் நின்றது குருசாமி. அண்ணனுடைய துண்டைத் தோளில் போட்டிருந்தார். வேறு யாரும் இல்லை.